கை எங்கே பழகுவது?

(வள்ளியூரில் ஒரு மகப்பேறு மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மைக் செட் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆனி பிறந்துவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேச்சைக் காற்றே பேசிவிடும்.

மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஜனவரி 12ஆம் தேதி அந்த வளாகத்தில் ஒரு கிரையோஜெனிக் இன்ஜினை 720 விநாடி, அதாவது முழுசாகப் பன்னிரண்டு நிமிஷம், நிறுத்தாமல் எரித்தார்கள். ககன்யான் திட்டத்துக்கான இன்ஜின். மனுஷன் ஏறிப் போகப்போகிற ராக்கெட் என்பதால் முதலில் மனுஷனும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. இன்ஜினை மட்டும் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்கள். கெட்டால் தரையில் கெடட்டும் என்கிற எண்ணம். அதற்கு ஆறு மாதம் முன்னால், 2021 ஜூலையில், விகாஸ் என்ற இன்னொரு இன்ஜினையும் இதே இடத்தில் 240 விநாடி எரித்திருந்தார்கள்.

எங்கள் தொழிலில் இந்த வழக்கம் வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று. எங்கள் இன்ஜின்கள் நேராக வானத்தில்தான் முதல்முறை எரிந்தன. அந்த வானம் யாருடைய வயிறு என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். 1980களின் கடைசி. மேல்படிப்பு மாணவி. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். நான் லேப்ராஸ்கோப்பை முதன்முதலாகக் கையில் வாங்கியது அங்கேதான். இன்றைக்கு மாதிரி டி.வி. கிடையாது. தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறி, வயிற்றில் வாயுவை ஏற்றி, கம்பி மாதிரி நீண்ட ஒரு குழாயை உள்ளே விட்டு, அதன் வெளிமுனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். சினைக்குழாயை வளைத்து இழுத்து, அதன் மேல் ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்ட வேண்டும். பொடிசான ரப்பர் வாஷர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கூத்து பாருங்கள். குழாயில் இடம் ஒரு கண்ணுக்குத்தான். நான் பார்க்கும்போது என் சீனியர் பார்க்க முடியாது. அவர் பார்க்கும்போது நான் பார்க்க முடியாது. சைக்கிள் பழக்கிக்கொடுக்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருகிற மாதிரி. மூன்றாவதாக வந்த அக்காவுக்கு நான் சினைக்குழாய் என்று நினைத்துப் பிடித்தது கர்ப்பப்பையின் வட்ட நாணை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி ரோஸ் நிறத்தில் புறப்பட்டுப் போகும். “நுனியைப் பாத்தியாம்மா? விசிறி தெரிஞ்சுதா?” என்று கேட்டார் சீனியர். சினைக்குழாயின் நுனி விசிறி மாதிரி விரிந்திருக்கும், நாணுக்கு அது கிடையாது. “தெரியல சார்” என்றேன். “அப்போ விடு” என்று என்னை நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தார். வளையம் இடம் மாறி விழாமல் போனது அந்தக் கேள்வியால்தான். அவர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தால், அந்த அக்கா அடுத்த வருஷம் வயிறும் பிள்ளையுமாகத் திரும்பி வந்திருப்பாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. மேசையில் ஏறுவதற்கு முன்னால் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “யம்மா, நீங்க இதுக்கு முந்தி இதச் செஞ்சிருக்கியளா?” என்றாள். வெற்றிலைக் கறை படிந்த பல். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். நான் சிரித்து மழுப்பினேன். பெரிய டாக்டர் இருக்கார் என்றேன். அது பொய்யில்லை; அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

இந்தச் சாவித்துவார ஆபரேஷன் ஏன் பழகக் கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். உவரி, கூட்டப்புளிப் பக்கம் இருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். துடுப்பின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் தண்ணீருக்குள் அதன் பலகை வலப்பக்கம் போகும். லேப்ராஸ்கோப்பிக் கருவியும் அப்படித்தான். வயிற்றுச் சுவரில் போட்ட ஐந்து மில்லிமீட்டர் ஓட்டைதான் அச்சு. வெளியே கை மேலே போனால் உள்ளே நுனி கீழே போகும். போதாக்குறைக்குப் பார்ப்பது திரையில்; திரை தட்டை; ஆழம் தெரியாது. ஊசிக்குள் நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். விரல் நேரே சதையைத் தொடுவதில்லை. 30 சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட கம்பிக்கு அப்பால்தான் சதை. வயிற்றைத் திறந்து இருபது வருஷம் ஆபரேஷன் செய்த பெரிய கைகளே இதில் முதல் மாதம் சிறுபிள்ளை போலத் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பயம் உள்ளே நுழைகிற அந்த முதல் நிமிஷம். லேப்ராஸ்கோப்பியில் நேர்கிற பெரிய விபத்துகளில் ஏறக்குறைய பாதி, ஆபரேஷன் தொடங்குவதற்கு முன்பே, வாயு ஊசியும் முதல் குழாயும் குத்தி நுழைகிற நேரத்தில் நேர்கின்றன. தொப்புளுக்கு நேர் பின்னால்தான் உடம்பின் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒல்லியான பெண்ணுக்குத் தொப்புளிலிருந்து அது வெறும் இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கலாம். நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் ஒல்லி என்பது உங்களுக்குத் தெரியும். கர்ப்பப்பை எடுக்கும்போது இன்னொரு கண்டம்: சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாய் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்க்கு அடியில் புகுந்து போகிறது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் என்று மாணவர்களுக்குச் சொல்வோம். பாலத்தைக் கட்டப்போகிற கை ஆற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டால், அன்றைக்கு எல்லாம் நன்றாக முடிந்த மாதிரியே இருக்கும். நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் முதுகுவலியும் காய்ச்சலுமாக வருவாள்.

சரி, கை எங்கேதான் பழகுவது? இந்தக் கேள்வி பழசு. சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி மாதிரியான காய்கள். குத்திப் பழகச் செத்த விலங்கின் ரத்தக்குழாயும் தாமரைத் தண்டும். தைத்துப் பழகத் தடித்த துணியும் மெல்லிய தோலும். எல்லாச் சாஸ்திரமும் படித்திருந்தாலும் இதைச் செய்து பழகாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்பது அங்கே கருத்து. நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற சுரைக்காய்தான் உலகத்தின் பழைய சிமுலேட்டர் என்று நான் சொன்னால் கோவித்துக்கொள்ளாதீர்கள்.

பிரான்ஸ் தேசத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஆஞ்சலிக் து கூத்ரே என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்த பெண் இவள். பிரசவம் பார்க்கக் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்களுக்கு எழுத்து தெரியாது. இவள் துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியை முழு அளவில் தைத்தாள். உள்ளே ஒரு துணிக் குழந்தை. அதன் தலையைக் கீழே திருப்பலாம், காலை முன்னால் வரவிடலாம், கொடியைக் கழுத்தில் சுற்றலாம். ரத்தம் மாதிரி சிவந்த நீர் கசியப் பஞ்சும் வைத்தாள். அதற்கு அவள் வைத்த பெயரே ‘எந்திரம்’. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவளுக்கு அரசாணை கொடுத்தார். எந்திரத்தோடு ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் செய்த எந்திரம் ஒன்று இன்றைக்கும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினி வருவதற்கு இருநூறு வருஷம் முன்னால், எங்கள் துறையில், ஒரு பெண் செய்த வேலை இது.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்கள் துறையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், 1845 முதல் 1849 வரை, பிரசவத்தில் சிறுநீர்ப்பை ஓட்டை விழுந்துபோன அடிமைப் பெண்களின் மேல் மயக்கமருந்து இல்லாமல் ஆபரேஷன் செய்து செய்து பழகினார். அவர்களில் அனார்க்கா என்கிற பெண்ணுக்கு மட்டும் 30 தடவை. லூசி, பெட்சி என்று இன்னும் இரண்டு பெயர்கள் நமக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பெயரும் மிஞ்சவில்லை. கடைசியில் ஆபரேஷன் கைகூடியது. அதனால் பின்னால் எத்தனையோ பெண்கள் பிழைத்தார்கள். சிம்ஸை ‘நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை’ என்று எங்கள் பாடப்புத்தகங்கள் எழுதின. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் எடுத்தார்கள்.

நம் ஊரில் யாரும் யாரையும் அடிமையாக வைத்துப் பழகவில்லை. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க, புதுக் கை பழகுவது இலவச ஆஸ்பத்திரியில். அங்கே வருகிறவள் ஏழை. கேள்வி கேட்கத் தயங்குகிறவள். பெரியாஸ்பத்திரியைக் குறைசொல்ல நான் வரவில்லை. என் கை பழகியதே அங்கேதான், இந்த மாவட்டத்தில் சிக்கலான பிரசவம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியைத்தான் நாமெல்லாம் நம்புகிறோம். 1965இல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்திருக்காவிட்டால் நம் பிள்ளைகளில் பலபேர் டாக்டராகியிருக்க மாட்டார்கள். ஆனால் டாக்டர் படிப்பின் செலவில் ஒரு பங்கை, ரசீது இல்லாமல், நோயாளியின் உடம்பு கட்டியிருக்கிறது. அதைக் குறைக்க வழி இருக்கும்போது குறைக்காமல் இருந்தால் அது வேறு கணக்கு.

வழி வந்தது விமானத்திலிருந்து. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பாவுக்கு ஆர்கன் வாத்தியம் செய்கிற பட்டறை. சர்ச்சில் வாசிப்பார்களே, காற்றுத்துருத்தி வைத்த பெரிய வாத்தியம், அது. மகன் அந்தத் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் வைத்துத் தரையிலேயே ஆடி அசைந்து திரும்புகிற ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். இது 1929 வாக்கில். முதலில் பொருட்காட்சிக் கேளிக்கை என்றுதான் வாங்கினார்கள். 1934இல் தபால் கொண்டுபோகிற வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தபோது, மேகத்திலும் பனியிலும் கருவியைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களில் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் ராணுவம் லிங்க் செய்த பெட்டிகளில் ஆறை வாங்கியது. சாவு வந்து கதவைத் தட்டினால்தான் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

லேப்ராஸ்கோப்பிக்குப் பெட்டி செய்தவர் எங்கள் துறைக்காரர்: ஜெர்மனியின் கீல் நகரத்தில் இருந்த கர்ட் ஸெம். மகளிர் மருத்துவர், டாக்டராவதற்கு முன் கருவி செய்கிற பட்டறைத் தொழில் கற்றவர். 1980 செப்டம்பரில் லேப்ராஸ்கோப் வழியாகவே ஒரு குடல்வாலை எடுத்துக் காட்டினார். உலகத்தில் அதுதான் முதல். பொது அறுவை மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். மகளிர் டாக்டருக்குக் குடல்வாலில் என்ன வேலை, இவரைத் தொழிலிலிருந்து நிறுத்த வேண்டும் என்றார்கள். அதற்கும் முன்னால், கீலில் துறைத் தலைவரானபோதே, இந்த மனுஷனுக்கு மூளை சரியாக இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களாம். இதே ஸெம்தான் ‘பெல்விட்ரெய்னர்’ என்று ஒரு பெட்டியைச் செய்தார். பெட்டிக்குள் ரப்பர் உறுப்பையோ கசாப்புக்கடைச் சதையையோ வைத்து, மேலிருக்கிற ஓட்டைகள் வழியாகக் கருவியை விட்டு, முடிச்சுப் போட்டுப் பழகுவது. நோயாளியிடம் போவதற்கு முன்னால் இதில் கை திருந்தட்டும் என்றார்.

அந்தப் பெட்டி கணினிக்குள் குடியேறியதுதான் மெய்நிகர் சிமுலேட்டர். 1990களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் சட்டாவா போன்ற அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கு மகளிர் துறைப் பயிற்சிக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் செய்கிற லேப்சிம், ஸூரிச்சில் உருவான ஹிஸ்ட்சிம் இரண்டும் பிரபலம். நான் லேப்சிம் மாதிரியான ஒன்றின் முன்னால் உட்கார்ந்தபோது என் தலை நரைத்திருந்தது. அதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஒரு மேசை. மேசையிலிருந்து நிஜக் கருவியின் கைப்பிடி மாதிரியே இரண்டு. முன்னால் திரை. திரையில் கர்ப்பப்பை, அதன் இரண்டு பக்கமும் குழாய்கள், வலது குழாயில் உப்பிப் போய் ஒரு கரு. குழாய்க் கர்ப்பம். அடியில் ரத்தம் குளம் கட்டியிருக்கிறது. குழாயைத் தூக்கிப் பிடித்து, அதற்கு வருகிற ரத்தக்குழாயைச் சுட்டு அடைத்து, வெட்டி எடுக்க வேண்டும். நானும் எத்தனையோ செய்தவள்தானே என்று சட்டென்று இழுத்தேன். குழாய் பிய்ந்தது. ரத்தம் குபுகுபு என்று வந்து திரை சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண், மேல்படிப்பு மாணவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மேடம், கொஞ்சம் மெதுவா” என்றாள். முடிந்ததும் எந்திரம் கணக்கைக் காட்டியது: எடுத்த நேரம், போன ரத்தம், சூலகத்தில் பட்ட சூடு, வலது கை எத்தனை மீட்டர் அலைந்தது, இடது கை எத்தனை மீட்டர் அலைந்தது. இடது கை அலைந்த தூரத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷத்தில் அதை யாரும் அளந்து சொன்னதில்லை. மறுபடி ஒரு பொத்தானை அழுத்தினால் புதுக் கர்ப்பப்பை, புது ரத்தம், பழைய தப்பு இல்லை.

உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள் கேட்பீர்கள். திரையில் தெரிகிற உறுப்பு உண்மையில் ஒரு வலை. நம் கடற்கரையில் காய்கிற மீன்வலை மாதிரி, ஆயிரக்கணக்கான கண்ணிகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு எடை, முடிச்சுக்கு முடிச்சு ஸ்பிரிங் மாதிரி ஓர் இழுவிசை. கருவி ஒரு முடிச்சை இழுத்தால் பக்கத்து முடிச்சுகள் எவ்வளவு நகர வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வெட்டினால் வலை அறுந்த இடத்தைக் கண நேரத்தில் திருத்தி எழுத வேண்டும்; அதுதான் கஷ்டமான பகுதி. கண்ணுக்கு விநாடிக்கு முப்பது, அறுபது படம் மாறினால் போதும், நிஜம் என்று நம்பிவிடும். விரல் அப்படி நம்பாது. கைப்பிடியில் இருக்கிற மோட்டார் தொட்ட உணர்வைத் திருப்பிக் கொடுக்க விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் தடவை கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் மாதிரியோ நடுங்குகிற மாதிரியோ தெரியும். விரலின் புத்தியைப் பற்றி இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பீடி சுற்றுகிற அக்காமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இலைக்கு எவ்வளவு தூள் என்று அவர்கள் பார்த்தா போடுகிறார்கள்? சென்னை ஐ.ஐ.டி.யில் இந்தத் தொடு உணர்வுக்கென்றே பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் ஆய்வகம் இருக்கிறது. பிள்ளைகளே, இதில் நமக்கும் இடம் உண்டு.

கர்ப்பப்பைக்குள்ளேயே குழாய் விட்டுப் பார்க்கிற ஹிஸ்டெரோஸ்கோப்பிக்கு வேறு பயிற்சி. அங்கே வாயுவுக்குப் பதில் திரவத்தை விட்டு விரிக்கிறோம். உள்ளே போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கணக்கு வைக்க வேண்டும். விடுபட்டது அவள் ரத்தத்துக்குள் போயிருக்கும். சிலவகைத் திரவம் அளவு மீறினால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி மூளை வீங்கும். அதனால் சிமுலேட்டரில் வால்வைத் திறந்து மூடுவதையும் பழக்குகிறார்கள். இதற்கு ஏழைப் பயிற்சியும் ஒன்று உண்டு: குடைமிளகாய். காம்பைக் குடைந்து குழாயை உள்ளே விட்டால் விதைக்கட்டு கட்டி மாதிரி தொங்கும். வெட்டி எடுத்துப் பழகலாம். முடிந்ததும் குருமாவில் போடலாமா என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எந்திரத்தில் பழகினால் நிஜ வயிற்றில் கை திருந்துமா? இது நியாயமான சந்தேகம். வீடியோ கேமில் கார் ஓட்டுகிற பையனிடம் சாவியைக் கொடுப்போமா? பதில், எங்கள் துறையிலேயே வந்தது. டென்மார்க்கில், கிறிஸ்டியன் லார்சன் என்பவரும் கூட்டாளிகளும், படிப்பின் முதல், இரண்டாம் வருஷத்தில் இருந்த மகளிர் துறைப் பயிற்சி மருத்துவர்கள் 24 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதி வழக்கம்போல ஆஸ்பத்திரியில் பழகட்டும். மறுபாதி சிமுலேட்டரில் குறிப்பிட்ட தேர்ச்சி வரும்வரை பழகிவிட்டு வரட்டும். பிறகு இரண்டு பாதியிலிருந்தும் நிஜ நோயாளிக்குச் சினைக்குழாய் எடுக்கிற ஆபரேஷனைச் செய்தார்கள். வீடியோவைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்களுக்கு யார் எந்தப் பாதி என்று தெரியாது. எந்திரத்தில் பழகியவர்கள் 33 மதிப்பெண், பழகாதவர்கள் 23. பழகியவர்கள் எடுத்த நேரம் 12 நிமிஷம், மற்றவர்கள் 24. முதல் கூட்டத்தின் கை 20 முதல் 50 ஆபரேஷன் செய்த கை மாதிரி இருந்தது; இரண்டாம் கூட்டத்தின் கை ஐந்துகூடச் செய்யாத கை மாதிரி. 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது இது. எனக்கு அந்த நிமிஷக் கணக்கு முக்கியமாகப் படவில்லை. அந்த இருபது ஆபரேஷன்தான் முக்கியம். அந்த இருபது பேர் யார்? கத்துக்குட்டியின் கைக்குக் கீழே படுக்க வேண்டியிருந்து, படுக்காமல் தப்பிய இருபது பெண்கள்.

இதெல்லாம் கேட்டு, ஆளுக்கொரு எந்திரம் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். விலை பல பத்து லட்சம். வாங்குவதும் நடக்கிறது; அதற்கப்புறம் நடப்பதுதான் பிரச்சினை. ஒரு இடத்தில் நான் பார்த்த சிமுலேட்டர் பாலிதீன் உறையைக்கூடக் கழற்றாமல் பூட்டிய அறையில் இருந்தது. சாவி எங்கே என்றேன். பொறுப்பாளர் லீவு என்றார்கள். ஆய்வுக்கு ஆள் வரும்போது உறையைக் கழற்றி மல்லிகைப்பூ வைப்பார்களாம். ஆயுதபூஜைக்கு மட்டும் ஓடுகிற எந்திரம். வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஒதுக்காமல், யார் எத்தனை மணி நேரம் பழகினார்கள் என்று எழுதிவைக்க ஆள் போடாமல், எந்திரத்தை மட்டும் வாங்குவதை நான் செலவு என்றுதான் சொல்வேன், பயிற்சி என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். லேப்ராஸ்கோப்பிதான். சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன். 13 பேர் இறந்துபோனார்கள். அங்கே கத்துக்குட்டி யாரும் இல்லை, செய்தவர் அனுபவசாலி. இரண்டு வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இந்த முகாம் முறையையே மூன்று வருஷத்துக்குள் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. எந்தச் சிமுலேட்டரும் அந்த 13 பேரைக் காப்பாற்றியிருக்காது. கருவியில் கிருமி நீக்குவது, மருந்தைச் சோதிப்பது, ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் முடியாது என்று சொல்வது, இவை எதற்கும் எந்திரம் கிடையாது.

அமெரிக்காவில் 2020 மே மாதத்துக்குப் பிறகு படிப்பு முடிக்கிற மகளிர் மருத்துவர்கள், பெட்டியில் ஐந்து வேலைகளைச் செய்து காட்டித் தேறினால்தான் அவர்கள் துறை வாரியத்தின் சான்றிதழுக்குப் போக முடியும். ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்துக் கழகம் படிப்படியாகத் தேர்வு வைத்திருக்கிறது. நம் நாட்டிலும் 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது, கல்லூரிக்கு ஒரு திறன் ஆய்வகம் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். ஊசி போடுவதும் தையல் போடுவதும் பொம்மையில் பழகுகிறார்கள். நல்லது. மேல்படிப்பில் லேப்ராஸ்கோப்பிக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் கட்சி: பெட்டியில் இத்தனை மணி, இத்தனை மதிப்பெண், அப்புறம்தான் தியேட்டர். இதை நான் சொன்னால், “மேடம், நாமெல்லாம் அப்படியா படிச்சோம்?” என்பார்கள் என் வயதுக்காரர்கள். நாம் அப்படிப் படிக்கவில்லை என்பதுதானே ஐயா வழக்கே.

உங்களுக்கு ஒரு வேலை. நார்க்கட்டி, நீர்க்கட்டி, கர்ப்பப்பை எடுப்பது என்று உங்களிலோ உங்கள் வீட்டிலோ யாருக்காவது கேமரா ஆபரேஷன் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, பணம் பிரச்சினை இல்லை என்றும் சொல்வார்கள். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆபரேஷன் எனக்குக் கட்டாயம் வேண்டுமா, மாத்திரையில் தீராதா? செய்யப்போவது யார், இதுவரை எத்தனை செய்திருக்கிறார்? உள்ளே சிக்கலானால் வயிற்றைத் திறந்து செய்ய ஏற்பாடு இருக்கிறதா? கோபப்படுகிற டாக்டர் இருப்பார். பரவாயில்லை, கேளுங்கள். என் கையைப் பிடித்துக் கேட்டவளுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது முப்பத்தைந்து வருஷமாக உறுத்துகிறது. இன்றைக்கு அவள் கேட்டிருந்தால், “அக்கா, உனக்குத்தான் முதல்ல. ஆனா பெட்டியில நூறு தடவை செஞ்சிருக்கேன், பக்கத்துல பெரியவர் நிக்கார், அவருக்கும் டி.வி.யில தெரியும்” என்று சொல்லியிருப்பேன். வேண்டாம் என்று எழுந்து போயிருந்தாலும் அது அவள் உரிமை.

எந்திரத்தின் விலை பல பத்து லட்சம் என்றேன். அடிப்படைக் கைப்பழக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். சாதாரணப் பெட்டியும் எந்திரத்துக்கு அதிகம் பின்தங்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். அதோ அந்த மேசையில், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி. மேலே இரண்டு ஓட்டை, ஓட்டையில் கிழிந்த சைக்கிள் டியூப் துண்டு. உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. கேமராவுக்கு என் பழைய செல்போன். ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய லேப்ராஸ்கோப்பிக் கருவி இரண்டு, சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறேன். உள்ளே இடது கிண்ணத்தில் பத்து மொச்சைக்கொட்டை. ஒன்றொன்றாக எடுத்து, நடுவில் மற்றக் கைக்கு மாற்றி, வலது கிண்ணத்தில் போட வேண்டும். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, போனைத்தான் பார்க்க வேண்டும். என் மாணவிகளுக்கு முதல் நாள் நாலைந்து நிமிஷம் ஆகும். பாதி மொச்சை கீழே விழும்.

பீடி சுற்றுகிற அக்கா யாராவது முதலில் வாங்க. இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற டாக்டர் தம்பி ஒருத்தரும் வாங்க, கூச்சப்படாதீங்க. மைக் செட் தம்பி, அந்த ஃபேனை மட்டும் அணைச்சிருங்க. பெட்டி லேசு, காத்துக்குப் பறந்துரும்.